கைக்கு வைத்த விலை

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை. தேநீர் ஆறிப்போவதையும் உணராது கணினித் திரையை நோக்கி அமர்ந்திருந்தேன். ரொறன்ரோ நகரில் அப்பொழுது நள்ளிரவு. பேஸ்போல் விளையாட்டின் உலகத் தொடரில் ஏழாவதும் இறுதியுமான ஆட்டம் அங்கே நடந்துகொண்டிருந்தது. என் தமையனாரின் மகன் அந்நகரில் வளர்ந்தவன். அதன் புளூ ஜேஸ் அணிக்காக உயிரையும் கொடுப்பான். அவனோடு உரையாட ஒரு பொருள் வேண்டுமே என்பதற்காக நாற்பது வயதைத் தாண்டிய பின் நான் கற்றுக்கொண்ட விளையாட்டு இது.

ஒன்பதாம் சுற்றில், இரு அணிகளும் சமநிலையில் நின்ற வேளையில், லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ் அணிக்காகப் பந்தெறிய யொஷினொபு யமமோட்டோ வந்தார். முந்திய நாள் ஆட்டத்தில் 96 பந்துகள் எறிந்த கை அது. அந்தக் கையே பதினோராம் சுற்றுவரை நின்று ஆட்டத்தை முடித்தது. 5க்கு 4 என்ற கணக்கில் புளூ ஜேஸ் தோற்றது. தொடரின் சிறந்த வீரர் பரிசும் அந்த யப்பானியருக்கே கிடைத்தது.

சிறிது நேரத்தில் தொலைபேசி ஒலித்தது.

"சித்தப்பா, இது பந்தால் வந்த வெற்றி அல்ல. பணத்தால் வந்த வெற்றி" என்றான் அவன்.

அவன் சொன்னதிலும் உண்மை உண்டு. 2023 டிசம்பரில் டொட்ஜர்ஸ் அவருக்கு 12 வருடங்களுக்கு 32 கோடியே 50 இலட்சம் டொலர் தருவதாக ஒப்பந்தம் செய்தது. அவருடைய பழைய யப்பானியக் கழகத்துக்கு அதற்கு மேலும் 5 கோடி டொலர் சென்றது. அமெரிக்காவின் பெரிய அணிகளில் ஒரு பந்துகூட எறிந்திராத ஒருவருக்கு இந்த விலை! 2024 மார்ச்சில் சியோல் நகரில் நடந்த அவரது முதல் ஆட்டத்தில் ஒரே சுற்றில் ஐந்து ஓட்டங்களைக் கொடுத்தார். பின்னர் தோளிலே நோவு கண்டு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓய்ந்திருந்தார். "பணம் பாழ்" என்று அந்நாளில் அவனிடம் தீர்ப்புச் சொன்னவன் நானேதான். அதை அவன் மறந்திருந்தான், நானும் நினைவூட்டவில்லை.

ஆயினும் அன்று முழுவதும் அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டேயிருந்தது. இவ்விலைகளை யார் வைக்கிறார்கள்? 1998 இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 2013 வரை யப்பானிய வீரர் ஒருவரை விரும்பிய அமெரிக்கக் கழகம் ஒரு தொகையை எழுதி இரகசியமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. பிறர் எழுதியது எவ்வளவு என்று எவருக்கும் தெரியாதிருந்தது. மிகக்கூடிய தொகையை எழுதியவருக்கே வீரருடன் பேசும் உரிமை கிடைத்தது. அத்தொகை யப்பானியக் கழகத்துக்கே சென்றது, வீரருக்கன்று. இவ்வாறே 2006 இல் டைசுகே மட்சுசாகாவுக்காகப் பொஸ்டன் ரெட் சொக்ஸ் எழுதிய தொகை 5,11,11,111 டொலர் 11 சதம். எல்லாம் ஒன்று மயமான இந்த எண்ணில் வீரரின் திறமை எங்கே இருக்கிறது? மற்றவன் என்ன எழுதுவானோ என்ற அச்சமே எனக்குத் தெரிகிறது.

அந்தப் போட்டியில் தோற்ற நியூயோர்க் யாங்கீஸ், சில வாரங்களில் கெய் இகாவா என்பவருக்காக 2,60,00,194 டொலர் எழுதியது. அவ்வருடம் அவர் ஆட்டமிழக்கச் செய்தவர்களின் எண்ணிக்கை 194 என்பதால் அந்த வால்! ஐந்து வருடச் சம்பளம் வேறு 2 கோடி. பெரிய அணியில் அவர் ஆடியதோ 16 ஆட்டங்கள், வென்றவை இரண்டு. 2008 க்குப் பிறகு ஒப்பந்தம் முடியும்வரை சிறு நகரங்களின் கீழ்நிலை அணிகளிலேயே பந்தெறிந்தார். யப்பானுக்குத் திருப்பி அனுப்ப முயன்றபோதும் மறுத்துவிட்டார். அவரைப் பற்றிய ஏளனங்களை வாசிக்கும்போது எனக்குக் கூச்சமாயிருக்கும். தம்மேல் எழுதப்பட்ட அந்த 2 கோடி 60 இலட்சத்தில் அவர் கையெழுத்து இல்லை.

மட்சுசாகாவின் கதை வேறு. முதலிரண்டு வருடங்களில் 33 வெற்றிகள். முதல் வருடமே பொஸ்டன் உலகத் தொடரையும் வென்றது. அடுத்த நான்கு வருடங்களில் 17 வெற்றிகள் மட்டுமே. 2011 இல் முழங்கைத் தசைநாரில் அறுவைச் சிகிச்சை. கிரிக்கெட்டில் பந்து வீசும்போது மடக்கிய முழங்கையை நிமிர்த்துவது குற்றம். இங்கோ கலையே அதுதான். ஆதலால் முதலில் இற்றுப்போவதும் அந்த முழங்கையே.

ஆனால் ஆசிரியனாகிய எனக்கு அவர் பெயர் நினைவூட்டுவது பொஸ்டனை அன்று. 1998 ஆம் ஆண்டின் கோஷியென் மைதானத்தை. பள்ளிக்கூடங்களுக்கிடையே ஆண்டுதோறும் கோடையில் அங்கு நடக்கும் போட்டிக்காக யப்பான் தேசமே மூச்சடக்கி நிற்கும். கால் இறுதியாட்டம் பதினேழு சுற்றுகள் நீண்டது. பதினேழு வயது மட்சுசாகா ஒரே நாளில் 250 பந்துகள் எறிந்தார். மறுநாளும் ஒரு சுற்று எறிந்தார். அதற்கடுத்த நாள் இறுதியாட்டத்தில் எதிரணிக்கு அடித்துப்பெறும் வாய்ப்பு ஒன்றையேனும் கொடாது வென்றார். நாடு கொண்டாடியது. அந்த நாட்களே பின்னர் கையைக் கெடுத்தன என்று அறுதியிட்டுச் சொல்ல எவராலும் இயலாது. ஆயினும் பொஸ்டன் கோடிகளைக் கொட்டி வாங்கியது எட்டு வருடங்களுக்கு முன்பே ஒரு பங்கு செலவாகிவிட்ட கையை அல்லவா? அந்தப் பையனின் ஆசிரியர்களுள் ஒருவராவது "தம்பி, இன்று போதும்" என்று சொல்லியிருக்கமாட்டாரா என்று எண்ணுவேன். வென்றுகொண்டிருக்கும் பிள்ளையிடம் அதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதும் எனக்குத் தெரியும்.

விலை ஏறியிறங்குவதெல்லாம் விதிகளால்தான். 1995 இல் ஹிடியோ நோமோவை டொட்ஜர்ஸ் அணி 20 இலட்சம் டொலருக்குப் பெற்றது. முதல் வருடமே 236 பேரை ஆட்டமிழக்கச் செய்தார். 2013 இல் கழகத்துக்குச் செல்லும் தொகைக்கு 2 கோடி என வரம்பு கட்டியதும், மிகுதி வீரருக்கே சென்றது. மசஹிரோ தனகாவுக்கு ஏழு வருடங்களுக்கு 15 கோடியே 50 இலட்சம். முதல் வருடமே முழங்கைத் தசைநார் சிறிது கிழிந்தும், அறுவையின்றி 78 வெற்றிகளை ஈட்டினார். ஷோஹெய் ஒட்டானியோ இருபத்தைந்து வயது நிரம்பாதவர் என்ற ஒரே காரணத்தால் 23 இலட்சத்துச் சொச்சத்துக்கு வந்தார். இகாவாவைவிட ஒட்டானி மலிவு!

மாலையில் நானே அவனை அழைத்து இவற்றையெல்லாம் விளக்கினேன். இரவு முழுதும் விழித்த சோர்வு அவன் குரலில் தெரிந்தது.

"அப்ப, யமமோட்டோவுக்குக் கொடுத்த காசு சரி என்கிறீர்களோ, சித்தப்பா?"

"2035 வரை ஒப்பந்தம் இருக்கிறது, தம்பி. நேற்றும் இன்றும் எறிந்த அதே கை."

சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, "அடுத்த வருடம் எங்களோடு ஆடும்போது அந்தக் கை நோகாமல் இருக்க வேண்டும். நோகிற கையை வென்று என்ன பயன்?" என்றான்.