தள்ளாடும் பம்பரம்... தலைநிமிரும் வெங்காயம்!

திருமங்கலத்துக்கு மேற்கே, கரிசல் காட்டில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் அந்த விவசாயி, தினமும் காலையில் கிணற்றை எட்டிப் பார்த்துப் படிகளை எண்ணுவார். தை மாதத்தில் நாலு படி வெளியே தெரிந்தால், பங்குனியில் பதினாலு படி தெரியும். பெரியாறு - வைகை தண்ணீர் திருமங்கலம் கால்வாயில் வந்தாலும், அவருடைய காட்டுக்கு எட்டாது. கிணறும் கண்மாய் ஊற்றும்தான் கதி.

வாய்க்கால் பாய்ச்சலை விட்டுவிட்டு, ஒரு ஏக்கர் சின்ன வெங்காயத்துக்குத் தெளிப்புநீர்க் கருவி போட்டிருந்தார். ஆறு மீட்டர் குழாய்கள், 12 மீட்டருக்கு ஒரு தெளிப்பான். 'டக் டக்' என்று தட்டித் தட்டிச் சுழலும் பித்தளைத் தலை. முதல் இரண்டு மாதம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மாசி கடைசியில் அவருடைய மனைவிதான் முதலில் கவனித்தார்.

"ஏங்க... குழாய்க்குப் பக்கத்துல இருக்கறது தளதளன்னு நிக்கிது. நாலு குழாய்க்கு நடுவுல இருக்கறது சவலைப்புள்ள கணக்கா இருக்கு, பாத்தீங்களா?"

பார்த்தார். நடுவில் தாள் நுனி காய்ந்திருந்தது. அதற்காகக் கூடுதலாக ஒரு மணி நேரம் மோட்டாரை ஓட விட்டார். தெளிப்பானை ஒட்டிய இடத்தில் தண்ணீர் தேங்கி, வெங்காயம் அழுகத் தொடங்கியது. ஒரு பக்கம் காய்ச்சல், ஒரு பக்கம் அழுகல். கிணற்றிலோ படி இறங்கிக்கொண்டே போனது.

மச்சான் வந்து பார்த்தார். "மோட்டார் பத்தல மாப்ளே. அஞ்சு ஹெச்.பி-ய தூக்கிட்டு ஏழரை போடுங்க. பீய்ச்சி அடிக்கும்" என்றார். அதற்கு நகையை அடகு வைக்க வேண்டும். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வளையலை மட்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பதினாறு டப்பா

கல்லூரியில் படிக்கும் மகள் அந்த வாரம் ஊருக்கு வந்திருந்தாள். "அப்பா, எங்க எவ்வளவு விழுதுன்னு அளந்து பாத்துட்டு மோட்டாரை மாத்துவோமே" என்றாள். ஒரே அளவில், வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்கும் 16 டப்பாக்களைச் சேர்த்தாள். நாலு தெளிப்பான்களுக்கு நடுவில், மூன்று மீட்டருக்கு ஒன்றாக, வரிசைக்கு நாலு வீதம் வைத்தார்கள். ஒரு மணி நேரம் மோட்டார் ஓடியது. பிறகு, ஒவ்வொரு டப்பாவிலும் ஸ்கேலை விட்டு அளந்தார்கள்.

தெளிப்பானை ஒட்டிய நாலு டப்பாக்களில் 18 மில்லிமீட்டர். ஓரத்து எட்டு டப்பாக்களில் 12. நடுவில் இருந்த நாலு டப்பாக்களில் வெறும் 6. சராசரி 12 மி.மீ. கணக்கில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால், பயிர் சராசரியைக் குடிப்பதில்லை. தன் தலையில் விழுவதைத்தான் குடிக்கிறது. நடுப்பயிருக்கு 12 மி.மீ கிடைக்க வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். அப்போது தெளிப்பானை ஒட்டிய பயிருக்கு 36 மி.மீ விழும்.

இந்த டப்பாக் கணக்கு புதிதல்ல. 1942-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கிறிஸ்டியான்சன் என்ற ஆய்வாளர் வகுத்த முறைதான் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஒவ்வொரு டப்பாவும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அதையெல்லாம் கூட்ட வேண்டும். இங்கே அது 48. மொத்தத் தண்ணீர் 192. 48-ஐ 192-ஆல் வகுத்தால் 25 சதவிகிதம். நூறில் அதைக் கழித்தால் 75. இதுதான் சீர்மை மதிப்பெண். 84-க்கு மேல் இருந்தால்தான் நல்ல பாசனம் என்பார்கள்.

எங்கே கோளாறு?

மோட்டாரில் மட்டும் இல்லை. கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க, மோட்டார் அதிக ஆழத்திலிருந்து இழுக்கிறது. குழாயில் அழுத்தம் குறைகிறது. தட்டித் தட்டிச் சுழலும் தெளிப்பான், கலிஃபோர்னியாவின் தோட்டக்காரர் ஆர்ட்டன் எங்கல்ஹார்ட் கண்டுபிடித்து, 1935-ல் காப்புரிமை பெற்றது. அருமையான கருவி. ஆனால், அதற்கு 2 முதல் 3 கிலோ அழுத்தம் வேண்டும். அழுத்தம் குறைந்தால் வீச்சு சுருங்கும். நடு இடம் காயும். மேல்காற்று அடித்தால் இன்னும் மோசம்.

நாசிலையும் கழற்றிப் பார்த்தார்கள். டிரில் பிட்டின் பின்பக்கத்தை விட்டுப் பார்த்ததில், இரண்டு நாசில்கள் மணல் தண்ணீரில் தேய்ந்து அகலமாகியிருந்தன. அவை மற்றவற்றின் பங்கையும் குடித்துவிட்டன. அந்த இரண்டையும் மாற்றி, காற்று அடங்கிய விடியற்காலையில் ஓட்டியதிலேயே பாதிக் குறை தீர்ந்தது.

மீதிப் பாதிக்குத்தான் தள்ளாடும் தெளிப்பான். பம்பரம் வேகம் குறையும்போது தலையை ஆட்டி ஆட்டிச் சுற்றுமே, அதே ஆட்டம்தான். நாசிலிலிருந்து வரும் தண்ணீர், வரிவரியாகக் காடி வெட்டிய ஒரு தட்டில் மோதுகிறது. தட்டு சாய்ந்தபடி தள்ளாடிச் சுழல்கிறது. சாதாரணமாகச் சுழலும் தட்டு எப்போதும் ஒரே கோணத்தில் வீசுவதால், தண்ணீர் வளையமாக விழும். தள்ளாடும் தட்டிலோ ஒவ்வொரு தாரையின் கோணமும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நொடி தூரத்தில் விழுந்த தண்ணீர், அடுத்த நொடி பக்கத்தில் விழும். அதனால் இடைவெளி நிரம்புகிறது. தண்ணீரைத் துளியாக உடைக்கும் வேலையைத் தட்டே செய்வதால், 1 கிலோ அழுத்தமே போதும். ஃபுளோரிடாவின் சென்னிங்கர் நிறுவனம் 'வாப்ளர்' என்று பெயர் வைத்தது இதற்குத்தான்.

குறையும் உண்டு. தள்ளாட்டம் குழாயையும் சேர்த்து ஆட்டும். அதனால்தான் சில வடிவமைப்புகளில் எடைக்கு எதிர் எடை வைக்கிறார்கள். நிலத்தில் நிற்கும் குழாய்க்கு உறுதியான முட்டுக் கொடுக்க வேண்டும். சிறிய தலைகளுக்கு வீச்சும் குறைவு. நெருக்கமாக வைக்க வேண்டும்.

நாலே நாலு வாங்கினார்

மொத்தமாக வாங்கவில்லை. நாலு தலை வாங்கி, 6 மீட்டருக்கு ஒன்றாக நட்டு, அதே 16 டப்பாக்களை ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக வைத்தார். ஓரளவு காற்று இருந்த நாளில், ஒட்டிய இடத்தில் 9, ஓரத்தில் 7, நடுவில் 5 மி.மீ. மதிப்பெண் 86. மணிக்கு 7 மி.மீ என்பதால், கரிசல் மண்ணும் நிதானமாகக் குடித்தது. முன்பு 12 மி.மீ கொட்டியபோது மண் வாயை மூடிக்கொள்ள, தண்ணீர் வாய்க்காலாக ஓடியது.

ஆனால், பழையதற்கு ஒன்று என்றால் இதற்கு நாலு தலை வேண்டும். அதனால், இந்தப் போகத்துக்கு அரை ஏக்கரில் மட்டும் மாற்றியிருக்கிறார். மீதி அரை ஏக்கரில் பித்தளைத் தலையே, புது நாசிலோடு ஓடுகிறது. நுண்ணீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவிகிதமும், மற்றவர்களுக்கு 75 சதவிகிதமும் தமிழ்நாட்டில் மானியம் உண்டு. எந்த வகைத் தலைக்குக் கிடைக்கும் என்பதை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வாங்குவது நல்லது.

ஏழரை ஹெச்.பி மோட்டார் வரவில்லை. வளையல் கையில் இருக்கிறது. மகள் ஊருக்குக் கிளம்பும்போது, டப்பாக்களை எடைக்குப் போடப் பார்த்தார் மனைவி. "அது இருக்கட்டும். அடுத்த தடவ மச்சான் வந்தா மொதல்ல அதைத்தான் கையில குடுக்கணும்" என்று வாங்கி, மோட்டார் ரூமில் அடுக்கி வைத்தார் அவர்.