அப்புத்தளையில் கற்ற பாடம்

மலைநாட்டின் வனப்பைக் காண விரும்புவோர் பதுளைப் புகையிரதத்திற் பயணஞ் செய்தல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலை விடுமுறையொன்றில் யானும் அவ்வாறு அப்புத்தளைக்குப் புறப்பட்டேன். நாவலப்பிட்டியைக் கடந்ததும் குளிர்காற்று வீசத் தொடங்கிற்று. நம் நாட்டுப் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்திலுள்ள பட்டிப்பொலையை அடைந்தபோது மூடுபனி யன்னலூடாக உள்ளே புகுந்தது.

எதிரே அமர்ந்திருந்த இளைஞர் ஒரு கணித ஆசிரியர். நெடுநேரம் இனிமையாக உரையாடி வந்தார். ஊர் எதுவென வினவினேன்.

“அப்புத்தளைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டம், ஐயா.”

“தோட்டத்திற் பிறந்தவரென்று யாருஞ் சொல்லமாட்டார்கள், அவ்வளவு திருத்தமாகப் பேசுகிறீர்கள்!” என்றேன்.

பாராட்டென்று எண்ணியே சொன்னேன். அவர் சற்றே புன்னகைத்து யன்னற்புறம் திரும்பிக்கொண்டார். அந்த மௌனம் என்னைச் சுட்டது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் அயலிலே, தோட்டங்களிலிருந்து அழைத்து வரப்பட்ட பிள்ளைகள் வீட்டுவேலை செய்வதைக் கண்டு வளர்ந்தவன் யான். ‘தோட்டக்காட்டார்’ என்னும் இளக்காரச் சொல்லை எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை. காற்றோடு வந்து காதிற் புகுந்தது. பின்னர் வரலாற்றாசிரியனானேன். தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து நோயால் மடிந்தோரைப் பற்றியும், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலட்சக்கணக்கானோர் குடியுரிமை இழந்தது பற்றியும், 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை எஞ்சியோர் காத்திருந்தது பற்றியும் எத்தனையோ வகுப்புகளில் விளக்கியிருக்கின்றேன். அவ்வறிவு என் நாவைத் தடுக்கவில்லையே!

அப்புத்தளையில் இறங்கியதும் அவ்விளைஞர், “வீட்டுக்கு வந்து தேநீர் அருந்திச் செல்லுங்கள்” என அன்புடன் அழைத்தார். மலைச்சரிவில் தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாய்ப் படர்ந்திருந்தன. தெற்கே பனி விலகிய இடைவெளியில் சமவெளி நீலமாய்த் தெரிந்தது. லயன் வீட்டுத் திண்ணையில் பையை வைத்துவிட்டு உள்ளே சென்றேன். கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் திரும்பிய தாயார் இஞ்சித் தேநீர் தந்தார்.

வெளியே சிறுவர் சிலர் கூடினர். என் கண் தானாகவே பையை நோக்கி ஓடிற்று. என் ஊரில், என் உறவினர் திண்ணையில் வைத்த பையை இவ்வாறு நோக்கியிருப்பேனா? வெட்கமடைந்தேன். வலிந்து முகத்தைத் திருப்பி, தேநீரை ஆறுதலாக அருந்தி முடித்தேன். பின் அச்சிறுவருள் ஒருவனை அழைத்துப் பையைக் கையிற் கொடுத்தேன். அவன் துள்ளிக் குதித்து முன்னே நடந்தான்.

விடைபெறும்போது, “தம்பி, வண்டியிலே யான் சொன்னது தவறு, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

“பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஐயா” என்றார். அக்குரலிற் சினமில்லை, அதுவே என்னை அதிகம் வருத்தியது.

பழைய எண்ணம் என்னை விட்டு அகன்றுவிட்டதென்று சொல்லமாட்டேன். இன்றும் ஒருவரைப் புகழ வாயெடுக்கும்போது, இதே சொல்லை என் ஊரவரிடஞ் சொல்வேனா என்று ஒருகணம் கேட்டுப் பார்க்கின்றேன். பலமுறை அச்சொல்லை விழுங்கியுமிருக்கின்றேன்.