இரண்டு விதானங்கள்

செங்கம் வேணுகோபால பார்த்தசாரதி கோயில் மண்டப விதானத்தில் யுத்த காண்டம் தீட்டியிருக்கிறார்கள். நாயக்கர் கால வேலை. வரிசை வரிசையாக வானரமும் அரக்கரும்; கூடவே தெலுங்கில் விளக்க எழுத்து. எனக்குத் தெலுங்கு படிக்க வராது. ஆனால் யுத்தம் அங்கே யுத்தமாகவே இருக்கிறது என்பது தெரிகிறது.

லண்டனுக்கென்று தீட்டப்பட்ட இன்னொரு விதானத்தை அச்சுப் பிரதியில்தான் பார்த்திருக்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் லெடன்ஹால் தெரு மாளிகைக்காக ஸ்பிரிடியோனே ரோமா 1778இல் செய்த தைலவண்ண ஓவியம். மாளிகை இடிபட்டுவிட்டது, படம் பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகத்துக்குப் போய்விட்டது. பாறைமேல் பிரிட்டானியா, அருகே சிங்கம். கறுத்த பெண்ணொருத்தி, அவள்தான் இந்தியா, முத்தும் மணியும் நீட்டுகிறாள். சீனா பீங்கான் ஜாடியோடு வருகிறது. வணிக தேவன் மெர்க்குரி வழிகாட்டுகிறான். தூரத்தில் கப்பல். கிழக்கு தன் செல்வங்களை பிரிட்டானியாவுக்கு அளிக்கிறது என்பது தலைப்பு.

இந்த ‘அளிக்கிறது’தான் உறுத்துகிறது. 1767 செப்டம்பரில் செங்கம் கணவாயில் ஹைதர் அலியும் நிஜாமும் கர்னல் ஸ்மித்தின் கம்பெனிப் படையோடு மோதினார்கள். ஸ்மித் தாக்குப்பிடித்தும், அரிசி இல்லாமல் திருவண்ணாமலைக்கு நகர வேண்டியிருந்தது. படம் முடிந்த இரண்டாம் வருஷம், 1780இல், ஹைதர் மறுபடி இதே கணவாய் வழியே இறங்கினார். ஓவியத்தில் கணவாயும் இல்லை, பசியும் இல்லை. உருவகம் நடந்ததை அகற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பாவனையை வைக்கிறது. பறிக்கிற கை மறைந்து, கொடுக்கிற கை மட்டும் மிஞ்சுகிறது.

கொடையைப் பாடுவது தவறென்று சொல்லவில்லை. மலைபடுகடாம் இதே செங்கத்து நன்னனின் கொடையைத்தான் 583 அடிகளில் சொல்கிறது. அங்கே கொடுப்பவனுக்குப் பெயர் உண்டு. வாங்கப் போகிற கூத்தர் கால் வைக்கும் வழியில் குழியும் வழுக்குப் பாறையும் உண்டு.

சங்கடம் நம் பக்கத்திலும் இருக்கிறது. அவனீந்திரநாத் தாகூர் 1905இல் தீட்டிய பாரத மாதா நான்கு கைகளில் ஏடும் நெற்கதிரும் துணியும் ஜெபமாலையும் ஏந்தி நிற்கிறாள். கம்பெனியின் வாரிசுகளை எதிர்த்த காலத்திலும், கொடுப்பதற்கென்றே நிற்கும் பெண்ணை நாம் கைவிடவில்லை. இன்றும் நம் கவிதைகளில் தாய், நிலமகள் என்று எழுதிப் படிமம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். அவள் எந்த ஊர்க்காரி, கையிலிருப்பது யார் விளைத்த நெல் என்று கேட்டால் அந்த வரிகளில் எத்தனை தேறும்?