அந்த நாளுக்கும் கூலி உண்டு

சென்னை,
26.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்க சாரத்திலிருந்து விழுந்ததை மைனி போனில் சொன்னாங்க. மூணு மாசத்துக்குக் காலை ஊனக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியும், கார்த்திகை பிறந்ததும் பூச்சு வேலைக்குப் போயிருவேன்னு நிக்கீங்களாமே. வேண்டாம் அண்ணே. குதிகால் எலும்பு கோணலாச் சேர்ந்துட்டா, பிறகு நீங்க சாரத்தில் ஏறவே முடியாது.

காண்டிராக்டர் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தது பெரிய மனசுன்னு சொன்னீங்களாம். எனக்கு அது ஒப்பலை. வேலையில் அடிபட்டவனுக்கு வைத்தியச் செலவைக் கொடுத்தே ஆகணும்னு 2009-ல் சட்டத்தைத் திருத்தியாச்சு. மழையில் நனைஞ்ச பலகையைக் கட்டாம வச்சதும், விளிம்பில் தடுப்புக் கம்பு போடாததும் யார் குத்தம்? நம்ம கன்னியாகுமரி வள்ளுவர் சிலை 133 அடி எழும்பினது பனையும் சவுக்கும் வச்சுக் கட்டின சாரத்தில்தானே. அதனால் சாரக் கம்பைக் குத்தம் சொல்ல முடியாது. கால் தவறினது என் விதின்னும் இனி சொல்லாதீங்க.

போன மாசம் 30-ந் தேதி எண்ணூர் அனல்மின் நிலைய வேலையில் சாரம் சரிஞ்சு ஒன்பது பேர் செத்தாங்க. அசாமிலிருந்து பிழைக்க வந்த பிள்ளைங்க. பேப்பரில் அந்த ஒன்பதைப் படிச்சு அழுதேன். ஆனா விழுந்து பிழைச்சு, வீட்டில் கிடக்கிறவனோட நாட்களை யார் எழுதுறா? இங்கிலாந்தில் வேலையில் அடிபட்டு எத்தனை நாள் போச்சுன்னு வருஷாவருஷம் அரசாங்கமே கணக்கு வெளியிடுது. நம்ம பக்கம் அந்தக் கணக்கெல்லாம் வட்டிக்காரன் நோட்டில்தான் இருக்கு.

அந்த நாளுக்கும் பணம் உண்டு அண்ணே. 2009-ல் திருத்தினதா முன்னே சொன்னேனே, அதே 1923-ம் வருஷத்துச் சட்டம். வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு அரை மாசத்துக்கு ஒருதரம், மாசச் சம்பளத்தில் கால் பங்கை வேலை கொடுத்தவர் தரணும். 28 நாளோ அதுக்கு மேலோ கிடந்தா, விழுந்த நாளிலிருந்தே கணக்கு. சம்பளம் எவ்வளவா இருந்தாலும் 15,000 ரூபாய் வரைக்கும்தான் எடுப்பாங்க. அப்போ மாசம் 7,500 வரும். கொத்தனார் கூலிக்கு இது கொஞ்சந்தான். ஆனா அரிசிக்கும் பிள்ளை பீஸுக்கும் கடன் வாங்காம இருக்கலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை வேற, இது வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

மனு கொடுக்க ரெண்டு வருஷம் இருக்கு, ஆனாலும் ஆறப்போட வேண்டாம். ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் மைனி கையில் இருக்கட்டும். பக்கத்தில் நின்ன கையாளிடமும், சாரம் கட்டினவரிடமும் நடந்ததை எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்க. அடுத்த வாரம் நான் வந்து, நாகர்கோவில் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரிச்சு மனுவை எழுதித் தாறேன்.

அன்புத் தங்கச்சி