பென் ட்ரைவுக்குப் பூட்டு, ஹார்ட் டிஸ்க்குக்குத் திறப்பு

 

பாடசாலைக் கணினி அறையில் உபுண்டு வைத்திருக்கும் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆசிரியர் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறோம். பெற்றோரும் வாசிக்கலாம், பிள்ளைகளின் பரீட்சையோடு சம்பந்தப்பட்ட விடயம்.

தவணைச் செய்முறைப் பரீட்சையின்போது பென் ட்ரைவ் வேலை செய்யக்கூடாது. காலி வீதிக் கொமினிகேஷனில் யாரோ செய்து கொடுத்த விடையை ஒரு பிள்ளை கொண்டுவந்தால், இரவிரவாகப் படித்த பிள்ளைக்கு அது அநியாயம். அதனால் எங்களுக்கு முன்பிருந்தவர்கள் யுஎஸ்பி-ஸ்டோரேஜ் என்ற கர்னல் மொடியூலை பிளாக்லிஸ்ட் செய்து வைத்திருந்தார்கள். பென் ட்ரைவ் திறக்கவில்லை. எல்லாரும் நிம்மதியாக இருந்தோம்.

ஒருநாள் ஒரு மாணவர் புதுவகை போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகினார். அது திறந்தது. அதற்குப் பிறகு அதே கணினியில் பென் ட்ரைவும் திறந்தது!

காரணம் இதுதான். ஒரு சாதனத்தைச் செருகியதும் கர்னல் அதன் அடையாளத்தை அறிவிக்கும். அந்த அடையாளத்துக்குப் பொருத்தமான மொடியூலை மொட்ப்ரோப் தேடி ஏற்றும். பிளாக்லிஸ்ட் செய்வது இந்த அடையாளத் தேடலை மட்டும்தான் நிறுத்துகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலோ, இன்னொரு மொடியூலுக்குத் துணையாகத் தேவைப்பட்டாலோ அது வந்துவிடும். வேகமான ஹார்ட் டிஸ்க்குகளுக்கான யுஏஎஸ் மொடியூல், யுஎஸ்பி-ஸ்டோரேஜில் தங்கியிருக்கிறது. யுஏஎஸ் வரும்போது தடுத்து வைத்ததையும் கையோடு கூட்டிவந்தது.

சிலர் கணினி தொடங்கும்போது மொடியூலை நீக்கும் ஸ்கிரிப்ட் எழுதுகிறார்கள். அது ஒருதடவை நீக்கும். அடுத்த பென் ட்ரைவைச் செருகியதும் மொடியூல் திரும்ப வரும்.

நாங்கள் இப்போது செய்வது:

1. ஈடிசி கோப்புறைக்குள் இருக்கும் மொட்ப்ரோப்.டி இல் இதற்கென்று தனிக் கோப்பு. பெயர் .கொன்ஃப் என்று முடியவேண்டும், இல்லாவிட்டால் கவனிக்கப்படாது.

2. அதில் பிளாக்லிஸ்ட் வரிக்குக் கீழே இன்னொரு வரி: இன்ஸ்டோல் என்ற சொல், மொடியூலின் பெயர், பிறகு /பின்/ஃபோல்ஸ். யார் கூப்பிட்டாலும் மொடியூலை ஏற்றுவதற்குப் பதிலாக, தோல்வி என்று மட்டும் சொல்லும் கட்டளை ஓடும். யுஏஎஸ்ஸுக்கும் இதே இரண்டு வரிகள்.

3. அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை ஓடவிட்டு, கணினியை மீளத் தொடங்குவது. தொடக்கத்தில் பயன்படும் சிறு பொதிக்குள் பழைய அமைப்பு இருந்துவிடக்கூடாது.

4. பென் ட்ரைவ், ஹார்ட் டிஸ்க் இரண்டையும் செருகிப் பார்ப்பது. பிறகு எல்எஸ்மொட் பட்டியலில் இரண்டு மொடியூல்களும் இல்லை என்று உறுதிசெய்வது.

கீபோர்டுக்கும் மவுஸுக்கும் பாதிப்பில்லை, அவற்றின் மொடியூல் வேறு. பரீட்சை முடிந்ததும் கோப்பின் .கொன்ஃப் முடிவை மாற்றினால் போதும், பிள்ளைகள் தங்கள் வேலைகளைப் பென் ட்ரைவில் எடுத்துப் போகலாம்.

இந்தப் பூட்டுக்கும் எல்லை உண்டு. சூடோ அதிகாரம் உள்ளவர் இதைத் தாண்டலாம், ஆகவே மாணவர் கணக்குக்கு அதைக் கொடுக்காதீர்கள். ஃபோன் எம்டிபி முறையில் இணைவதால் இந்த மொடியூல்களே அதற்குத் தேவையில்லை. ஆகவே பரீட்சை அறைக்கு வெளியே ஃபோன்களை வாங்கி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தக் கோப்பின் முதல் வரியில் # குறி போட்டு, ஏன் தடுத்தோம், எப்போது தடுத்தோம், எப்படித் திறப்பது என்று எழுதுங்கள். நாங்கள் பழைய கோப்பைத் திறந்தபோது காரணம் ஒன்றுமே இருக்கவில்லை. எழுதியவர்கள் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார்கள். நாளைக்கு எங்களுக்கும் இடமாற்றம் வரும். அதற்குப் பிறகு அந்தக் கதிரையில் இருப்பவர் ஊகிக்கத் தேவையில்லாமல் இருக்கட்டும்.

உங்கள் பாடசாலைக் கணினி அறைக்குப் பொறுப்பான ஆசிரியருக்கு இதைப் பகிருங்கள்.