தனியொருத்தியின் சுமை

ஐக்கிய அமெரிக்கக் கடற்படையின் ஆழ்கடற் சுழியோடற் பயிற்சியை 1975ஆம் ஆண்டில் நிறைவுசெய்த டொனா டோபியஸ், அப்பயிற்சியில் தேறிய முதற் பெண்ணாவார். வகுப்பில் ஏனையோர் யாவரும் ஆடவர். அன்று வழக்கிலிருந்த மார்க் 5 சுழியோடி உடை, செப்புத் தலைக்கவசமும் ஈயப் பட்டியும் கனத்த காலணிகளுமாகச் சுமார் 90 கிலோகிராம் எடையுடையது. அதனைத் தாங்கித் தரையில் நடப்பதே பெரும்பாடு. நீருள் இறங்கியதும் மிதப்பு அப்பாரத்தைக் குறைத்துவிடும். கடலோ, ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கத்தை யாவர் மீதும் ஒரேயளவாய் ஏற்றும். ஆண், பெண் என்னும் பேதம் அதற்கில்லை.

ஆயின், தனியொருத்தியாய் நிற்பவள் சுமக்கும் இன்னொரு பாரம் நீரிலும் குறைவதில்லை. வகுப்பில் ஓர் ஆடவன் தளர்ந்தால், அது அவனொருவனின் தளர்ச்சி; அவள் தளர்ந்தாலோ, பெண்குலத்தின் இயலாமைக்குச் சான்றாகக் கொள்ளப்படும். அவள் வென்றால், அது விதிவிலக்கு எனப்படும். தோல்வி குலத்துக்கு, வெற்றி அவளுக்கு மட்டும் என்னும் இக்கணக்கு நேர்மையற்றது. முதலாமவள் எத்துணை ஆற்றலுடையவளாயினும் இதனைத் தனித்து மாற்றல் அரிது. அவ்வகுப்புக்கு இரண்டாமவளும் மூன்றாமவளும் வந்துசேர வேண்டும். அன்றுதான் ஒரு பெண்ணின் பிழை, ஆடவனின் பிழையைப் போலவே, அவளுடைய பிழையாக மட்டும் எண்ணப்படும்.