சுலபமாகிவிட்ட புதிர்

ஹிந்து பத்திரிகையின் ஞாயிறு குறுக்கெழுத்து, லண்டன் ‘அப்சர்வ’ரில் வரும் ‘எவ்ரிமேன்’. வழக்கமாக மாலைவரை இழுக்கும். சென்ற வாரம் மயிலாப்பூரில் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. சந்தோஷமில்லை, சந்தேகம்தான். புதிர்தான் சுலபமா, அல்லது அமைப்பவரின் மூளை எனக்குள் குடிவந்துவிட்டதா? மூன்றெழுத்து நதி என்றால் கை தானாக எக்ஸ், டீ என்று எழுதிப் பார்க்கிறது. (டீ அங்கே நதி, இங்கே குடிப்பது.) இரண்டையும் நான் கண்டதில்லை. தினம் பாலத்தில் கடக்கும் அடையாறு அந்தக் கட்டங்களில் எனக்கு ஒருமுறைகூட அகப்பட்டதில்லை. வாரநாள் புதிர்கள் 1971லிருந்து நம்மவர்கள் அமைப்பவை. அவற்றில் என்றாவது ‘இட்லி’ விடையாக வந்தால் அச்சுப்பிழையோ என்றுதான் முதலில் தோன்றுகிறது. குறுக்கே வரும் சொற்களைச் சரிபார்த்த பிறகே பேனாவால் எழுதுகிறேன்.